செடி வாங்கும் முன் ஜன்னலைப் பாருங்கள்

புதிதாக வீடு குடிபோகிறவர்கள், "ஹாலில் வைக்க எந்தச் செடி வாங்கலாம்?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஹால் ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது? பலருக்கு உடனே பதில் வராது. வாசல் எந்தத் திசை என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஜன்னலை அப்படி யாரும் கவனித்திருப்பதில்லை. ஆனால் செடி உயிரோடு இருப்பதும் இல்லாததும் அந்த ஜன்னலைப் பொறுத்துத்தான். தண்ணீர், உரம், மண் எல்லாம் அதற்குப் பிறகு.

இணையத்தில் கிடைக்கிற வீட்டுச் செடிக் குறிப்புகளில் பெரும்பாலானவை லண்டனிலும் நியூயார்க்கிலும் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே எடுத்துத் தமிழில் போட்டுவிடுகிறார்கள். "தெற்கு ஜன்னலில்தான் அதிக வெளிச்சம், வடக்கு ஜன்னலில் வெயில் படாது" என்று அவற்றில் இருக்கும். லண்டன் 51 டிகிரி வடக்கில் இருக்கிற ஊர். அங்கே நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கு வானத்தில்தான் நிற்கும். அந்த ஊருக்கு அது சரி. சென்னை இருப்பது 13 டிகிரியில். பள்ளிகளில் கம்பு நட்டு 'நிழலில்லா நாள்' காட்டுவார்களே, அது சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் ஒரு முறையும் ஆகஸ்ட் 18 வாக்கில் ஒரு முறையும் வரும். அந்த இரண்டு நாட்களிலும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே. நடுவில் இருக்கிற ஏறக்குறைய நான்கு மாதமும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கம் போனால் இந்தக் காலம் இன்னும் நீளும்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதை விட வீட்டுக்குள்ளேயே பார்க்கலாம். எங்கள் ஹாலுக்கு வடக்குப் பார்த்த ஜன்னல். மே, ஜூன் மாதங்களில் காலை வெயில் சாய்வாக உள்ளே வந்து சோபாவின் கைப்பிடி வரை விழும். நடுப்பகலில் சன்ஷேடு மறைத்துவிடும். மாலை ஐந்து மணிக்கு மேல் இன்னொரு பக்கத்திலிருந்து மறுபடி வரும். அதே நாட்களில் தெற்குப் பார்த்த சமையலறை ஜன்னலில் ஒரு பொட்டு வெயில் கிடையாது. மார்கழியில் எல்லாம் தலைகீழாகிவிடும். சமையலறையில் நடுப்பகல் வெயில் சிங்க் வரை வரும், ஹால் ஜன்னலில் வெளிச்சம் மட்டும்தான். அதனால் எங்கள் வீட்டில் செடிகளுக்கு நிலையான இடம் கிடையாது. சித்திரை பிறந்ததும் ஹால் ஜன்னல் ஓரத் தொட்டிகளை ஓர் அடி உள்ளே தள்ளுவேன். ஐப்பசியில் மறுபடி கண்ணாடியை ஒட்டி வைப்பேன்.

மேற்குப் பக்கம் மட்டும் எந்த மாதத்திலும் தயவு காட்டாது. பிற்பகல் மூன்று மணி வெயிலும், சுவரும் கம்பியும் ராத்திரி வரை விடுகிற சூடும் சேர்ந்து, கடையில் 'இன்டோர்' என்று விற்கிற எந்த இலையையும் காய்ச்சி எடுத்துவிடும். மேற்கு பால்கனிதான் இருக்கிறது என்றால் வருத்தப்பட வேண்டாம். சோற்றுக்கற்றாழை, பிரண்டை, கற்பூரவல்லி, காகிதப்பூ எல்லாம் அங்கே நன்றாக வரும். பிரண்டையைத் துவையலுக்குக் கிள்ளக் கிள்ள இன்னும் அடர்த்தியாகும்.

அடுத்தது வெளிச்சத்தின் அளவு. நம் கண் இந்த விஷயத்தில் நம்பத்தக்கதல்ல. மங்கலான அறைக்குள் நுழைந்த சில நொடிகளில் கண் பழகிக்கொண்டு, நல்ல வெளிச்சமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடும். செடிக்கு அப்படிப் பழகத் தெரியாது. கைபேசியில் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. துல்லியம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் ஓர் இடத்தையும் இன்னோர் இடத்தையும் ஒப்பிட அது போதும். நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். மர நிழலில் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும். எங்கள் ஹால் ஜன்னலை ஒட்டி, வெயில் விழாத நேரத்தில், இரண்டாயிரம் சொச்சம். அங்கிருந்து ஆறடி தள்ளி டிவிக்குப் பக்கத்தில் இருநூறைத் தாண்டுவதில்லை. இரவில் டியூப்லைட் போட்டால் நூறு, நூற்றைம்பது. நமக்கு இந்த ஆறடி ஒரே ஹால். செடிக்கு இரண்டும் வேறு வேறு ஊர்.

இருநூறு லக்ஸில் எந்தச் செடியும் 'வளராது'. சில செடிகள் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். 'லோ லைட் பிளாண்ட்' என்று எழுதி ஒட்டியிருக்கிற செடிகளுக்குக் குறைந்த வெளிச்சம் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது மெதுவாகச் சாகும் என்றுதான் அந்தச் சீட்டுக்குப் பொருள். ஐநூறு லக்ஸுக்குக் கீழே இருக்கிற மூலைக்கு ஒரு செடி வேண்டும் என்றால் என் யோசனை இது: ஒரே மாதிரி இரண்டு தொட்டி வாங்குங்கள். ஒன்று மூலையில், ஒன்று ஜன்னலில். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள். இரண்டும் நன்றாக இருக்கும்.

எந்தச் செடி எவ்வளவு வெளிச்சம் கேட்கும் என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அது எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். கடையில் கிடைக்கும் அக்லோனிமா, சிங்கோனியம், பீஸ் லில்லி எல்லாம் மழைக்காட்டின் அடியில், பெரிய மரங்களின் நிழலில் பிறந்தவை. அதனால் ஜன்னலை ஒட்டிய வெளிச்சமே அவற்றுக்குப் போதும். குரோட்டன்ஸ் அப்படியில்லை. நேர் வெயில் கொஞ்சம் கிடைத்தால்தான் அந்தச் சிவப்பும் மஞ்சளும் நிற்கும். ஹாலுக்குள் கொண்டுவந்தால் புது இலைகள் வெறும் பச்சையாக வர ஆரம்பிக்கும், அப்புறம் கீழ் இலைகள் கொட்டும். வீட்டு மூலையில் மூன்றடி உயரத்தில் நிற்கிற ரப்பர் செடி, வடகிழக்கு இந்தியாவின் பெரிய மரம். மேகாலயாவில் ஓடைகளுக்குக் குறுக்கே வேர்களை வளைத்து வளர்த்து உயிருள்ள பாலம் அமைக்கிறார்களே, அது இதே மரத்தின் வேர்தான். 'ஆட்ரி' என்ற பெயரில் வெளிநாடுகளில் அழகுச் செடியாக விற்கிற ஃபைகஸ், நம் ஊர் ஆலமரம். இவை எல்லாம் வானத்தைப் பார்த்து வளர வேண்டிய மரங்கள். தொட்டியில் அடங்கி இருக்கும். ஆனால் ஜன்னலிலேயே மிக வெளிச்சமான இடத்தை அவற்றுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

துளசியைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. பூஜை அறைக்குப் பக்கத்தில் வைத்தேன், பட்டுப்போய்விட்டது என்று மனம் நொந்து சொல்வார்கள். ஏதோ அபசகுனம் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து பயப்படாதீர்கள். துளசிக்கு நான்கைந்து மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நம் முன்னோர் அதற்கு மாடம் கட்டிய இடம் முற்றம், கொல்லை. வீட்டுக்குள் இல்லை. வெயில் விழும் பால்கனி இருந்தால் அங்கே வையுங்கள். பூங்கதிர் வரும்போதே கிள்ளிவிடுங்கள், புதராக நிற்கும். வெயிலே இல்லாத வீடு என்றால் மொட்டை மாடியில் பொதுத் துளசியாக வைத்துக்கொள்ளலாம். எங்கள் குடியிருப்பில் அப்படித்தான் இருக்கிறது.

சரி, 'காற்றைச் சுத்தப்படுத்தும் செடி' என்கிறார்களே? இது நர்சரிப் பலகைகளில் தொடங்கி வாட்ஸ்அப் வரை எங்கும் இருக்கிறது. இதற்கு மூலம் 1989-ல் நாசாவுக்காக பில் வுல்வர்ட்டன் செய்த ஆய்வு. காற்றுப் புகாத சிறிய பெட்டிக்குள் செடியை வைத்து, பென்சீன் போன்ற வாயுக்களைச் செலுத்தி, எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். விண்கலம் போன்ற மூடிய இடத்துக்கு அது நியாயமான கேள்வி. நம் வீடு மூடிய பெட்டி இல்லை. கதவிடுக்கு, ஜன்னல் வழியே காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. 2019-ல் அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதுவரை வந்த இப்படிப்பட்ட ஆய்வுகளை ஒன்றாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். அந்த இயல்பான காற்றோட்டத்துக்குச் செடிகள் ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடி வேண்டும் என்று வந்தது. ஆயிரம் சதுர அடி வீடு என்பது 93 சதுர மீட்டர். குறைந்த கணக்கை எடுத்தாலே 930 தொட்டி. காற்றுக்காகத்தான் என்றால் ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும்.

இன்னொன்று, படுக்கையறையில் ஸ்நேக் பிளாண்ட் வைத்தால் இரவில் ஆக்சிஜன் விடும் என்பது. அது இரவில் இலைத்துளைகளைத் திறக்கும் என்பது உண்மை. பகல் சூட்டில் திறந்தால் ஈரம் போய்விடும் என்பதால் இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து, அமிலமாக மாற்றிச் சேமித்து வைத்துக்கொள்கிறது. பகலில் வெளிச்சம் பட்ட பிறகுதான் மிச்ச வேலை நடக்கிறது. ஆக்சிஜனும் வெளிச்சம் இருக்கும்போதுதான் உண்டாகும். இருட்டில் எந்தச் செடியும் அதைத் தயாரிப்பதில்லை. இப்படிப் பொய்யான காரணம் சொல்லி நல்ல செடியை விற்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. ஏனென்றால் அந்தச் செடியை வைத்துக்கொள்ள உண்மையான காரணமே போதுமானது. மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்திலிருந்து வந்தது, மூன்று வாரம் ஊருக்குப் போனாலும் தாங்கும், வாள் மாதிரி நேராக நிற்கும். நம் ஊர்ப் புதர்க்காடுகளில் இருக்கிற மருள் இதன் சொந்தக்காரச் செடி. அந்த மருள் நாரில்தான் ஒரு காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். கிராமத்துப் பக்கம் போனால் ஒரு கிழங்கு பெயர்த்து வாருங்கள். கடையில் காசு கொடுத்து வாங்குகிற எதற்கும் அது குறைந்ததில்லை.

மணி பிளாண்ட் பற்றி ஒரு சேதி. திருடி வைத்தால்தான் செழிக்கும் என்பார்கள். திருட வேண்டாம், கேட்டாலே யாரும் ஒரு கொடி கிள்ளிக் கொடுப்பார்கள். அதன் பூர்வீகம் பசிபிக் கடலில் தாஹிதிக்குப் பக்கத்தில் இருக்கிற மூரியா என்ற சின்னத் தீவு. பூப்பதற்கு வேண்டிய ஜிப்பரெலின் என்ற ஹார்மோனைப் போதுமான அளவு தயாரிக்க அதனால் முடியாது. அதனால் அது தானாகப் பூப்பதே இல்லை, விதையும் இல்லை. உலகம் முழுக்க வீடுகளில் தொங்குவதெல்லாம் யாரோ யாருக்கோ கிள்ளிக் கொடுத்ததுதான். தொங்க விட்டால் இலை சிறுத்துக்கொண்டே போகும். பற்றி ஏற ஒரு கம்பு கொடுத்தால் இலை பெருக்கும். சென்னையில் தெருவோரத் தூங்குமூஞ்சி மரங்களில் முழ நீள இலையோடு ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கொடிதான். வீட்டிலும் தேங்காய் நார் சுற்றிய கம்பு ஒன்று நட்டு, நாரை ஈரமாக வைத்திருந்தால் வித்தியாசம் தெரியும்.

குழந்தைகள், பூனை, நாய் இருக்கிற வீட்டுக்காரர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். மணி பிளாண்ட், டிஃபன்பாக்கியா, அக்லோனிமா, சிங்கோனியம், மான்ஸ்டிரா, பீஸ் லில்லி எல்லாம் சேம்பு, சேனைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சேனைக்கிழங்கு நறுக்கினால் கை அரிப்பதும், சரியாக வேகாவிட்டால் தொண்டை அரிப்பதும் அதில் இருக்கிற ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்களால். அதே ஊசிகள் இந்த இலைகளிலும் உண்டு. மென்றால் வாய் எரியும், நாக்கு வீங்கும். டிஃபன்பாக்கியாதான் இதில் மோசம். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் அந்தச் செடியே வேண்டாம் என்பது என் கட்சி. மற்றவற்றை எட்டாத உயரத்தில் வைக்கலாம்.

இனி வாங்குவது. சென்னையில் ஈசிஆர் சாலை ஓரமாகவே நர்சரிகள் இருக்கின்றன. மாதவரத்தில் அரசுத் தோட்டக்கலைப் பண்ணையும் இருக்கிறது. தனியார் நர்சரிகளுக்கு வருகிற செடிகளில் நிறைய, ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் கோதாவரிக் கரையில் இருக்கிற கடியத்திலிருந்து லாரியில் வருபவை. அங்கே தலைமுறை தலைமுறையாக நர்சரித் தொழில்தான். கடைக்காரர், "அக்கா, இது இன்டோர்தான், ஏசி ரூம்லயும் நல்லா வரும்" என்பார். "அண்ணா, இத்தனை நாள் இது எங்க இருந்துச்சு?" என்று கேளுங்கள். பச்சை வலைக்கு அடியில் என்று காட்டுவார். அந்த வலைக்கு அடியில் இருக்கிற வெளிச்சம் நம் ஹாலைப் போலப் பத்து மடங்குக்கு மேல். அங்கிருந்து நேராக டிவி பக்கத்து மூலைக்கு வந்தால், இரண்டாம் வாரம் இலை கொட்டத்தான் செய்யும். ரப்பர் செடி, ஆட்ரி போன்ற ஃபைகஸ் வகைகள் இதில் ரொம்ப ரோஷம். முதலில் பால்கனி நிழல், அப்புறம் ஜன்னல் ஓரம், அப்புறம் உள்ளே என்று படிப்படியாகக் கொண்டுவர வேண்டும். வாங்குகிற மாதமும் முக்கியம். அக்னி நட்சத்திரத்தில் வாங்காதீர்கள். ஆடி, ஆவணியில் வாங்குங்கள், அல்லது மழை ஓய்ந்து தை பிறக்கும்போது.

செடியைத் தேர்ந்தெடுக்கும்போது பூவைப் பார்க்காதீர்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி, அதை வாங்கினால் வீட்டில் இருக்கிற மற்றச் செடிக்கும் வரும். தண்டைப் பிடித்து மெல்ல அசைத்தால் ஆடக் கூடாது. ஆடினால் குச்சியை இப்போதுதான் நட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். புதுக் குருத்து ஒன்றாவது இருக்க வேண்டும். பெரிய செடியை விடச் சின்னச் செடிதான் நம் வீட்டோடு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்ததும் பலர் கறுப்புப் பையைக் கிழித்து, மண் உருண்டையை அப்படியே அழகான தொட்டியில் இறக்கி, சுற்றிலும் மண் போட்டுவிடுகிறார்கள். இங்கேதான் பாதிச் செடிகள் போகின்றன. லாரியில் குலுங்கி வரும்போது உடையாமல் இருக்கக் களிமண்ணில் வைத்துக் கட்டி அனுப்புகிறார்கள். காய்ந்தால் அது கல். சுற்றிலும் இருக்கிற பொலபொலப்பான மண்ணில் ஊற்றிய தண்ணீர் வழிந்து கீழே போய்விடும், உருண்டைக்குள் இறங்கவே இறங்காது. அல்லது நனைந்தால் நாள்கணக்கில் நனைந்தே கிடக்கும். நான் செய்வது இது: வந்தவுடன் கை வைப்பதில்லை. ஒரு வாரம் நிழலில் விட்டு, அப்புறம் ஒரு வாளித் தண்ணீரில் அந்த உருண்டையை முக்கி ஒரு மணி நேரம் வைத்திருப்பேன். களிமண் வெளிப்புறத்திலிருந்து குழைய ஆரம்பிக்கும். விரல் நுனியால் அடியிலிருந்து மேல் நோக்கித் தடவிக்கொண்டே வந்தால் பாளம் பாளமாகக் கழன்று தண்ணீரில் இறங்கும். உள்ளே வெள்ளையாக, இளமஞ்சளாக வேர்கள் தெரியும். கறுத்து, தொட்டால் தோல் உரிகிற வேர் அழுகினது, அதை நறுக்கிவிடலாம். நடுவில் ஒரு கைப்பிடிக் களிமண் விடாமல் பிடித்திருந்தால் அதை விட்டுவிடுவேன். அதோடு மல்லுக்கட்டினால் சல்லி வேர்கள் அறுந்துபோகும்.

மண் கலவைக்கு நான் எடுப்பது செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் என்கிற தென்னை நார்த் தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கையில் கிடைத்தால் உமிக்கரி அரைப் பங்கு. மருளுக்கும் கற்றாழைக்கும் கோகோபீட்டை நிறுத்திவிட்டுப் பருமணல். கோகோபீட் கட்டியை ஊறவைத்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். தென்னை நாரில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகுதான் கலக்கலாம். தொட்டி அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் வடியும் என்பது பரவலான நம்பிக்கை. வடியாது. மண்ணின் அடிப்பகுதியில் எப்போதும் ஒரு ஈரப் படலம் தங்கும். ஜல்லி போட்டால் அந்தப் படலம் அப்படியே மேலே ஏறி வேருக்கு இன்னும் கிட்டே வந்துவிடும். பாட்டி செய்த மாதிரி ஓட்டைக்கு மேல் ஓர் ஓட்டாஞ்சில்லு கவிழ்த்தால் போதும், மண் வெளியேறாது. ஓட்டையே இல்லாத பீங்கான் தொட்டி ஆசையாக இருந்தால் அதற்குள் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி வையுங்கள். தண்ணீர் விடும்போது மட்டும் உள்தொட்டியை எடுத்து சிங்க்கில் வைத்து ஊற்றி, வடித்துவிட்டு மறுபடி வைக்கலாம்.

தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று கேட்காதீர்கள். கத்திரி வெயிலில் பால்கனித் தொட்டி தினமும் கேட்கும். ஐப்பசி அடைமழையில் ஹாலில் இருக்கிற அதே செடி பத்து நாள் கேட்காது. ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விடுங்கள், ஈரம் ஒட்டினால் வேண்டாம். வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் இடுக்குகளில் இருக்கிற காற்றைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகின வேரால் தண்ணீரை இழுக்க முடியாது, இலை வாடும். வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவார்கள்.

எந்தத் தண்ணீர் என்பதும் நம் ஊரில் பெரிய விஷயம். போர் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர். மண் தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருப்பதும், இலை நுனி பழுப்பாகக் கருகுவதும் அதனால்தான். கலாத்தியா போன்ற செடிகள் இதைத் தாங்கவே தாங்காது. ஆர்ஓ எந்திரம் கழித்து வெளியே தள்ளுகிற தண்ணீர் வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உப்பு இன்னும் அடர்த்தி, அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் இருக்கிறதே, அது காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கியது, உப்பு கிட்டத்தட்ட இல்லை. குழாய்க்கு அடியில் ஒரு வாளி வைத்தால் சென்னைப் புழுக்கத்துக்கு ஓர் இரவில் செடிகளுக்குப் போதுமான அளவு நிரம்பிவிடும். மழைக்காலத்தில் மழைத் தண்ணீர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தொட்டியைக் குளியலறைக்கு எடுத்துப் போய், அடி ஓட்டை வழியாக நன்றாக ஓடுகிற அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றினால் தங்கின உப்பு கரைந்து போகும்.

தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டும், மணி பிளாண்ட் வைத்த கண்ணாடிப் பாட்டிலும் கொசுவுக்கு வாட்டமான இடம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். மாநகராட்சியிலிருந்து வீடு வீடாக வருகிற பெண்கள் முதலில் பார்க்கிற இடம் அதுதான். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை, தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. வாரம் ஒரு முறை தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பூச்சிக்கு நான் வைத்திருப்பது வேப்பெண்ணெய் மட்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கலங்கச் சேர வைக்கச் சில சொட்டு சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு இலைக்கு அடியில் படும்படி தெளிக்க வேண்டும். வாசனை பிடிக்காத வீட்டார் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இத்தனை சொன்ன பிறகும் ஒரே ஒரு செடி சொல்லு என்று கேட்டால் நான் சொல்வது வெற்றிலை. வீட்டுச் செடிப் பட்டியல்களில் இதை யாரும் சேர்ப்பதில்லை என்பது எனக்கு ஆறாத குறை. நம் ஊர் வெளிச்சத்துக்கும் புழுக்கத்துக்கும் இதை விடப் பொருத்தமான கொடி கிடையாது. கொடிக்காலைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும்: முதலில் அகத்தியை விதைத்து, அது நிழல் தரும் உயரம் வந்த பிறகுதான் அதன் அடியில் வெற்றிலையை நட்டு அகத்தி மேல் ஏற்றுவார்கள். அதாவது பல தலைமுறை விவசாயிகள் அதை வடிகட்டின வெளிச்சத்தில் வளர்த்துப் பழகியிருக்கிறார்கள். கிழக்கு, வடக்கு பால்கனியில் கிடைப்பது அதே வெளிச்சம்தான். என் மாமியாருக்குச் சோழவந்தான் பக்கம். 2023-ல் சோழவந்தான் வெற்றிலைக்கும் ஆத்தூர் வெற்றிலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுக் கொடி அவர் ஈரத்துணியில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டு வந்தது.

"தண்ணி நிக்கவும் கூடாதும்மா, காயவும் கூடாது" என்று அவர் சொன்னதுதான் முழுப் பாடம். அகலமான மண் தொட்டி, மட்கு அதிகம் சேர்ந்த மண், கோடையில் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். பால்கனிக் கம்பியில் ஒரு சாக்குத் துணியைக் கட்டித் தொங்கவிட்டு நனைத்து வைத்தால், கணுவில் வருகிற சின்ன வேர்கள் அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டு ஏறும். ஏறுகிற பக்கக் கிளைகளில்தான் நல்ல இலை. தரையில் படர விட்டால் இலை சிறுத்துப்போகும். பறிக்கும்போது காம்போடு நகத்தால் கிள்ள வேண்டும், இழுக்கக் கூடாது. கொடி ஆறடி தாண்டினால் கொடிக்காலில் செய்கிற மாதிரி இறக்கிவிடலாம்: கீழே இலை இல்லாத தண்டை வளையமாகச் சுருட்டித் தொட்டி மண்ணுக்குள் புதைத்தால், புதைந்த கணுக்களில் புது வேர் பிடித்து மேல் பகுதி மறுபடி தெளிச்சியாக வரும். வெள்ளி, செவ்வாய்க்கு வெற்றிலை வாங்கக் கடைக்குப் போவது எங்கள் வீட்டில் நின்றுவிட்டது. சளி பிடித்தால் ரசத்தில் இரண்டு இலை போடுகிறோம். பக்கத்து வீட்டு விசேஷங்களுக்கும் நாங்கள்தான் கொடுக்கிறோம்.

குச்சி எடுக்க ஆடி, ஆவணி சரியான சமயம். வெயில் தணிந்து சாயங்கால மழை வரும் நாட்கள். முற்றின தண்டாகவும் இல்லாமல் பிஞ்சாகவும் இல்லாமல், மூன்று கணு இருக்கிற துண்டாகப் பார்த்து நறுக்குங்கள். கீழ் இரண்டு கணு மண்ணுக்குள், ஒன்று வெளியே. ஓர் இலை இருந்தால் போதும், மீதியைக் கிள்ளிவிடலாம். முதல் மூன்று வாரம் வெயிலே படாத இடத்தில் வைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை அடி வெட்டிக் கவிழ்த்து, மூடியை மட்டும் கழற்றி வையுங்கள். வெளியே இருக்கிற கணுவில் பச்சை மூக்கு எட்டிப் பார்த்தால் பாட்டிலை எடுத்துவிடலாம். இந்த ஆடிக்கு எங்கள் மாடியில் மூன்று வீட்டுக்காரர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு வீட்டுக்கு மேற்கு பால்கனி மட்டும்தான், அவர்களுக்குப் பிரண்டை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.